ராஜாவை ஏன் நகர்த்தினீங்க?

எங்கள் கம்பெனி பஸ்ஸில் தீராத சண்டைகள் சில உண்டு. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பது ஒன்று. டிரைவர் போடும் பாட்டு இன்னொன்று. நான் ஏற ஆரம்பித்த பிறகு மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. செஸ்ஸில் கம்ப்யூட்டர் பெரிதா, மனுஷன் பெரிதா? சுங்குவார்சத்திரத்தில் ஏறி ஒரகடம் போய் இறங்குவதற்குள் இதைப் பேசி முடித்துவிடலாம் என்று தினமும் யாராவது ஒருவர் நம்பினார். கம்ப்யூட்டரைச் செய்ததே மனுஷன்தானே என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். பஸ்ஸைச் செய்ததும் மனுஷன்தான், அதற்காக இறங்கி அதோடு போட்டிபோட்டு ஓடு பார்ப்போம் என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

உண்மையில் அந்தக் கேள்வியில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கம்ப்யூட்டர்தான் பெரிது. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களே இன்றைக்கு ஒரு சாதாரண கைபேசியிடம் தோற்றுப்போவார்கள் என்கிறார்கள், நான் எந்த மூலைக்கு? ஆனாலும் சும்மா இருக்க முடியாது. தோற்றால் கை பரபரக்கும், உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். என் ஊர் சங்கரன்கோவில் பக்கம். பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அளவில் ஆடியிருக்கிறேன். டிப்ளமோ முடித்து இங்கே வேலைக்கு வந்த பிறகு என்னோடு ஆட ஆளில்லை. அறையில் கூடத் தங்கியிருந்த பெண்களுக்குக் காய்களின் பேர்கூடத் தெரியாது. அதனால் கைபேசியோடு ஆட ஆரம்பித்தேன்.

எங்கள் கம்பெனியில் கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, செக்யூரிட்டிப் பெண்ணின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று, அவர் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே போகலாம். அதனால் என் ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. லாக்கரைப் பூட்டுவதற்கு முன் ஒரு நகர்வு ஆடுவேன். கண் இமைப்பதற்குள் கம்ப்யூட்டர் பதிலுக்கு ஆடிவிடும். அதை மனதில் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த பிறகுதான் என் அடுத்த நகர்வு. அது ஒரு நொடியில் யோசித்ததற்கு நான் ஒரு ஷிஃப்ட் முழுவதும் யோசித்துப் பதில் சொல்வேன். சாப்பாட்டுக்கு வெளியே வந்தாலும் லாக்கரைத் திறக்க மாட்டேன்; தட்டிலிருக்கும் அவரைக்காயை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எனக்குப் பொரியல் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். வண்டிகளுக்குள் பொருத்துகிற எலக்ட்ரானிக் போர்டுகள் செய்கிற லைன் எங்களுடையது. பொடிப்பொடியான பாகங்களை ஒட்டி முடித்த பிறகு, ஒவ்வொரு போர்டையும் ஒரு மெஷின் படம் பிடித்துப் பார்க்கும். எங்கேயாவது சந்தேகம் வந்தால் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். அந்த மெஷின் ஒரு சந்தேகப் பிராணி. தூசி விழுந்திருந்தால் சிவப்பு, நிழல் விழுந்தால் சிவப்பு, அச்சடித்த எழுத்து லேசாக அழிந்திருந்தால் அதற்கும் சிவப்பு. இப்படி அது வீணாகக் குறை சொல்வதற்கு ஃபால்ஸ் கால் என்று பேர். அது சொன்னதை மறுபடி திரையில் பெரிதாக்கிப் பார்த்து, நன்றாக இருந்தால் பச்சைப் பொத்தானையும் கெட்டுப்போயிருந்தால் சிவப்புப் பொத்தானையும் அழுத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். மெஷின் சொல்லிவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு போர்டைக் கழித்துவிடக் கூடாது, ஆள் பார்த்த பிறகுதான் கழிக்க வேண்டும் என்பது எங்கள் லைனில் சேர்ந்தவுடன் சொல்லித்தருகிற பாடம்.

அந்த வேலைக்கு மட்டும் நாற்காலி உண்டு. மற்ற எல்லோரும் ஷிஃப்ட் முழுவதும் நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். நானும் நின்றவள்தான். முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்து, ராத்திரியில் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கியவள்தான். கண்ணும் கவனமும் சரியாக இருக்கின்றன என்று சோதித்துப் பார்த்து அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். எனக்கு அடுத்த இடத்தில் கையால் கனெக்டர் செருகுகிற அக்காவுக்குப் பென்னலூர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். "குந்திகினே சம்பளம் வாங்குற மவராசி" என்று என்னைக் கிண்டல் செய்வார். அதில் பொறாமை இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பஸ் ஏறி என் அறைக்கே ரசம் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கம்பெனியில் விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். அந்த வருஷம் செஸ்ஸும் சேர்த்திருந்தார்கள். கேண்டீனில்தான் ஆட்டம். கேண்டீன் சோதனை கேட்டுக்கு வெளியே இருப்பதால், ஆடுகிறவர்கள் பார்க்கிறவர்கள் எல்லோர் கையிலும் கைபேசி இருந்தது. அது இவ்வளவு பெரிய விஷயமாகும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. நான் ஒவ்வொருவராக ஜெயித்து கடைசி ஆட்டத்துக்கு வந்தேன். எதிரில் உட்கார்ந்தவர் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் இன்ஜினியர். கல்லூரி அணியில் ஆடியவர், ஒவ்வொரு நகர்வையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே ஆடுவார். அந்தப் பழக்கத்தைப் பார்த்ததுமே இது லேசான ஆட்டமில்லை என்று தெரிந்துவிட்டது.

ஆட்டம் நடுவில் நன்றாக இறுகிவிட்டது. எனக்கு வேர்த்துக் கொட்டியது, ஒரு தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். திரும்பி வந்து வெகுநேரம் யோசித்து, ராஜாவை மூலைப் பக்கமாக ஒரே ஒரு கட்டம் நகர்த்தினேன். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய காயை விரட்டுவதற்கு வழி இருக்கும்போது இவள் எதற்கு ராஜாவைத் தொடுகிறாள் என்று முணுமுணுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் எதைச் செய்தாலும் எடுபடவில்லை. கொஞ்ச நேரத்தில் கையை நீட்டித் தோல்வியை ஒத்துக்கொண்டார். அந்த ராஜா நகர்வு பிரமாதம் என்று அவரே சொன்னார். நான் பெரிய மனுஷி மாதிரி புன்னகைத்தேன். பென்னலூர் அக்கா விசில் அடித்ததில் கேண்டீன் சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

மறுநாள் விளையாட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இன்ஜினியர் எங்கள் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். என் நகர்வுகளில் முக்கால்வாசிக்கு மேல் அது தானே ஆடியிருக்கக்கூடிய நகர்வுகள் என்று பச்சைக் குறி போட்டிருந்தது. ராஜா நகர்வுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு குறி, மிகச் சிறந்தது என்று. நம்ப முடியவில்லை என்று மட்டும் எழுதி, ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டிருந்தார். அவர் என்ன நினைத்து எழுதினாரோ, படித்தவர்கள் வேறு மாதிரி படித்தார்கள். நடுவில் எழுந்து போனாளே, எங்கே போனாள் என்று ஒருவர் கேட்டார். போய்விட்டு வந்ததும்தானே ராஜாவை நகர்த்தினாள் என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். சாயங்காலம் நான் பஸ்ஸில் ஏறியதும் பேச்சு நின்றது. மனுஷன்தான் பெரிது என்று தினமும் தொண்டை கிழியக் கத்தியவர்களே, ஒரு மனுஷியால் இப்படியெல்லாம் ஆட முடியாது என்று முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுங்குவார்சத்திரம் வருவதற்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

எச்.ஆர். மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். புகார் வந்திருக்கிறது, விளையாட்டு விஷயம்தான் என்று விட்டுவிடலாம், ஆனால் நான் உட்கார்ந்திருக்கும் இடம் நம்பிக்கையின் பேரில் கொடுக்கப்பட்டது, நான் பச்சைப் பொத்தானை அழுத்தினால் அதை மறுபடி யாரும் பார்ப்பதில்லை, ஏமாற்றுகிறவள் என்று பேர் வந்த ஒருத்தியை அங்கே எப்படி வைத்திருப்பது என்று கேட்டார். இது தீரும் வரை கனெக்டர் செருகும் இடத்தில் நிற்கச் சொன்னார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இத்தனை காலம் கம்ப்யூட்டரோடு மட்டுமே ஆடியிருக்கிறேன், அதனால் அதன் ஆட்டம் எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்றேன். ஊரில் நான் பேசிய பேச்சு என்ன, இங்கே வந்து கொஞ்ச நாளிலேயே நானும் 'இன்னா' என்று கேட்க ஆரம்பித்துவிடவில்லையா என்றேன். மேடம் சிரித்தார். சிரித்ததோடு சரி. மறுநாளிலிருந்து என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். நான் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். கால் வலித்ததைவிட, அவள் ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் வந்த அந்தச் சின்னச் சத்தம்தான் என்னைப் படுத்தியது.

மேடமே ஒரு யோசனை சொன்னார். அதே இரண்டு பேரும் மறுபடி ஆடட்டும், கைபேசி லாக்கரில் இருக்கட்டும், செக்யூரிட்டி சோதித்து அனுப்பட்டும், கேட்டுக்கு உள்ளே ஆடட்டும். நான் உடனே சரி என்றேன். தினமும் கை விரித்து நிற்கிறவளுக்கு அதில் என்ன புதிது? ஆனால் அதற்கப்புறம் ஒரு நிமிஷம்கூட இருப்புக் கொள்ளவில்லை. மறுபடியும் கைபேசி ஆடுகிற மாதிரியே ஆடி ஜெயித்துவிட்டால்? காதுக்குள் எதையோ வைத்திருக்கிறாள் என்பார்கள். செருப்பில் வைத்திருக்கிறாள் என்பார்கள். அப்படியானால் மனுஷி மாதிரி ஆட வேண்டும். யோசிக்க யோசிக்க அதுதான் சரி என்று பட்டது. நான் செய்த மடத்தனம் அங்கேதான் ஆரம்பித்தது.

பலகை முன்னால் உட்கார்ந்ததும் நல்ல நகர்வு கண்ணில் படும். இதைத்தானே கம்ப்யூட்டரும் ஆடும் என்று தோன்றும். உடனே அதை விட்டுவிட்டு அடுத்ததை ஆடுவேன். மறுபடி ஒரு நல்லது தெரியும், மறுபடி அதை விடுவேன். இன்ஜினியர் ஒன்றும் இப்படி தானம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளில்லை. கொடுத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார். தோற்றேன். சாதாரணமாக இல்லை, படுமோசமாகத் தோற்றேன். கைபேசி இல்லாவிட்டால் இவள் இவ்வளவுதான் என்று சுற்றி நின்றவர்கள் அங்கேயே பேசினார்கள். ஜெயித்தால் திருடி, தோற்றாலும் திருடி. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

பென்னலூர் அக்காவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். செருகிக்கொண்டிருந்த கனெக்டரை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வேணும்னே தோத்தியா? அறிவு கீதாமே உனுக்கு? இன்னா நெனச்சிகினு கீற நீ?"

"தோக்கணும்னு ஆடலக்கா. மனுஷி மாதிரி ஆடணும்னு ஆடுனேன்."

"நீ மனுஷிதானமே. நீ எப்பிடி ஆடுறியோ அத்த ஆடிட்டுப் போ வேண்டியதுதான?"

அவ்வளவு எளிதான விஷயம் எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

அந்த வாரக் கடைசியில் மேடம் மறுபடி கூப்பிட்டார். ஒத்துக்கொண்டுவிட்டால் பேச்சு இதோடு முடிந்துவிடும், வேலைக்கு ஒன்றும் ஆகாது, கனெக்டர் இடத்திலேயே தொடரலாம் என்றார். அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒத்துக்கொள்வது என்றால் எதை? முகம் கழுவியதையா? அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் கோபம்தான் வந்தது, அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சில்.

"மேடம், நம்ம லைன்ல மெஷின் ஒரு போர்டத் தப்புன்னு காட்டினா, அப்படியே தூக்கியா போடுதோம்? ஒரு ஆளு உக்காந்து பாக்கோம்லா? என்னைய மெஷின் தப்புன்னு காட்டிருச்சு. சரி. யாரு பாத்தா?"

மேடம் பேனாவை மூடி வைத்தார். யாரைப் பார்க்கச் சொல்வது, இங்கே செஸ் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அந்த இன்ஜினியரையே பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். தோற்ற ஆளிடமே விசாரணையை விடச் சொல்கிறாயா என்று அவருக்கு ஆச்சரியம். ஆனால் அந்த ஆட்டத்தை எழுதி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். தவிர, காயைத் தொடுவதற்கு முன் அவர் யோசிக்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. தெரியாதவர்கள் நூறு பேர் பேசுவதைவிடத் தெரிந்தவர் ஒருவர் திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஏ.சி. போட்ட சின்ன மீட்டிங் அறை. மேடம் ஒரு பக்கம், நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே, நடுவில் பலகை. இன்ஜினியர் தன் தாளைப் பார்த்து முதல் ஆட்டத்தை ஒவ்வொரு நகர்வாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார். நான் சொன்னேன். இந்தச் சிப்பாயை எடுக்காமல் விட்டது, எடுத்தால் குதிரை மாட்டிக்கொள்ளும் என்பதால். யானையை அவருடைய ராஜாவுக்கு நேராக வைத்தது, நடுவில் ஒரு நாள் வழி திறக்கும் என்பதால். பேசப் பேச எனக்கு விசாரணை என்பதே மறந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்த பிறகு ஒரு மனுஷரிடம் உட்கார்ந்து செஸ் பேசுவது அதுதான் முதல் தடவை. அவருக்கும் முகம் மாறியிருந்தது. இரண்டு மூன்று இடங்களில் அட என்றார்.

பிறகு அந்த இடம் வந்தது. தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ராஜாவை ஏன் நகர்த்தினீங்க?"

இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரே மெச்சிய நகர்வு, அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவருடைய மந்திரியைக் காட்டினேன். அந்த மந்திரி இப்படிக் கோணலாக வந்து என் ராஜாவுக்குச் செக் வைக்கும், அந்தச் சாக்கில் ராணியும் உள்ளே வந்துவிடும், அது வருவதற்கு முன்னாலேயே ராஜாவை ஒதுக்கி வைத்துவிட்டேன் என்றேன். எனக்கே என் குரல் அழகாகக் கேட்டது.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"எந்த மந்திரி?"

"இந்தா, இந்த மந்திரி சார். இங்கிட்டு வந்து செக்."

"அது எப்படிங்க வரும்?"

காயைத் தொடவில்லை அவர். என் யானையின் மேல் விரலை வைத்தார். அங்கிருந்து நேராகக் கோடு இழுத்துக்கொண்டு போய்த் தன் மந்திரியில் நிறுத்தினார். பிறகு அதற்குப் பின்னால் நின்ற தன் ராஜாவில் நிறுத்தினார். அவ்வளவுதான். மந்திரி அந்த இடத்தைவிட்டு அசைந்தால் அவருடைய ராஜா என் யானைக்கு நேரே வந்துவிடும். அதனால் அது அசையவே முடியாது, ஆட்டத்தின் விதியே அதை அனுமதிக்காது. அந்த யானையை அங்கே வைத்தது நான்தான். எதற்காக வைத்தேன் என்று சற்று முன்னால் அவரிடம் பெருமையாகச் சொன்னவளும் நான்தான். செஸ் கற்றுக்கொள்ளும் சின்னப் பிள்ளைகள்கூட முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம் அது. காது இரண்டும் சுட்டது. வராத செக்குக்குப் பயந்து ராஜாவை நகர்த்தியிருக்கிறேன்.

அப்படியானால் கம்ப்யூட்டர் எதற்கு மெச்சியது என்று கேட்டேன். அவர் காய்களை மெதுவாக நகர்த்திக் காட்டினார். ராஜா பழைய இடத்திலேயே இருந்திருந்தால், ஐந்து நகர்வு தள்ளி அவருடைய குதிரை ஒன்று துள்ளி வந்து ராஜாவையும் ராணியையும் ஒரே நேரத்தில் தாக்கியிருக்கும். ராஜா மூலைக்குப் போய்விட்டதால் அந்தக் குதிரைக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அவர் நகர்த்தி முடித்த பிறகுதான் அந்தக் குதிரையை நான் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. இவங்க சொன்னது சரியா தப்பா என்று கேட்டார்.

"தப்பு மேடம். முழுசாத் தப்பு," என்றார் இன்ஜினியர். "இவங்க ஃபோன் பாக்கல."

"அது எப்படிச் சொல்றீங்க?"

"பாத்திருந்தா ஃபோனே அந்தக் குதிரையக் காட்டியிருக்கும், இந்த மந்திரிக்குப் பயந்திருக்க மாட்டாங்க."

மேடம் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்புத்தான், பாரம் இறங்கிய சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை இல்லை அது. திருடி இல்லை என்று காட்டிக்கொள்ள, நான் அப்படி ஒன்றும் கெட்டிக்காரி இல்லை என்று என் வாயாலேயே காட்ட வேண்டியிருந்ததே, அந்த அவமானத்தில் வந்தது. ஏ.சி. அறையில் துடைத்துக்கொள்ளக் கையில் கைக்குட்டைகூட இல்லை.

எந்த முறைகேடும் நடக்கவில்லை என்று குழுவில் மேடமே எழுதினார். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. அடுத்த ஷிஃப்டில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குள் யாரோ உயரத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள், சரிசெய்துகொண்டேன். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் இப்போது வேறு பேச்சு பேசினார்கள். அந்தப் பொண்ணு ஏதோ குருட்டாம்போக்கில் நகர்த்தியிருக்கிறாள், அது பலித்துவிட்டது, மனுஷன் எப்போதும் அப்படித்தான், கம்ப்யூட்டர்தான் பெரிது என்று அவர்களே சொன்னார்கள். நான் இத்தனை நாள் சொல்லிவந்த கட்சிக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். எனக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கத்தான் தோன்றியது.

"வுடுமே, போன பேரு வந்துட்ச்சில்ல," என்றார் அக்கா. வந்துவிட்டதுதான். ஆனாலும் மனம் அடங்கவில்லை. முன்னால் ஜெயித்த ஆட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தேன். எதில் நிஜமாகப் பார்த்து ஆடினேன், எதில் வராத செக்குக்குப் பயந்து ஆடினேன்? திரையில் மெஷின் காட்டும் சிவப்பு வட்டங்களைப் பார்க்கும்போதுகூட, பச்சையை அழுத்தப் போன விரல் ஒரு கணம் நின்றது. லைன் லீடர் வந்து ஏன் தாமதம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரேயிருக்கும் டீக்கடையில் இன்ஜினியரைப் பார்த்தேன். அவராகவே பக்கத்தில் வந்தார். அந்தப் படத்தைக் குழுவில் போட்டிருக்கக் கூடாது, பாராட்டுவதாக நினைத்துத்தான் போட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் பல நாளாக மனம் அரித்துக்கொண்டிருந்தது.

"சார், அன்னைக்கு நான் அந்த மந்திரியச் சொல்லாம, குதிரையச் சொல்லியிருந்தா? அஞ்சு மூவ் தள்ளி அது வரும்னு எனக்கே தெரிஞ்சிருந்து, ஆடும்போதே அதைப் பாத்துருந்து, உள்ளதைச் சொல்லியிருந்தா?"

அவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தியிருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை.

"நம்பியிருக்க மாட்டேங்க," என்றார். "வீட்ல ஃபோன்ல பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னுதான் நெனச்சிருப்பேன்."

சரி என்று தலையாட்டினேன். அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். இன்றைக்கும் லாக்கரைப் பூட்டுவதற்கு முன் ஒரு நகர்வு ஆடிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். விட முடியவில்லை. இப்படியே ஆடிக்கொண்டிருந்தால் என்றாவது ஒரு நாள், யாரோ ஒருவரின் எதிரில் உட்கார்ந்து, ஐந்து நகர்வு தள்ளி வரப்போகும் குதிரையை நான் நிஜமாகவே பார்த்துவிடுவேன். அன்றைக்கு என்னைக் காப்பாற்ற என்னிடம் ஒரு தப்புகூட இருக்காது.